புடாபெஸ்டில் ட்ரியனான் நடைச் சுற்றுலா: பாதிக் கதைக்கு முழுக் கட்டணம்

முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியைச் சுருக்கிய ட்ரியனான் உடன்படிக்கையை மட்டுமே வைத்து அதன் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு நடைச் சுற்றுலா நடத்துகிறார்கள். இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 9,000 ஃபோரிண்ட், விளக்கம் ஆங்கிலத்தில். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குறைதான் அதிகம் சொல்லப்போகிறேன். ஆனால் அழைத்துப்போன கைடு தங்கமான தம்பி, அவர் பிழைப்பில் நான் கைவைக்க வேண்டாம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம் முதல் உலகப் போரின் சமாதானம் என்றால் வெர்செய்ல்ஸ், ஜெர்மனி, ஹிட்லர் என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஹங்கேரிக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. இழந்த கணக்கைப் பார்த்தால் ஜெர்மனி பக்கத்திலேயே வராது. 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான உடன்படிக்கையால் ஹங்கேரியின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போயிற்று. அப்போது ஹங்கேரியோடு இணைந்திருந்த குரோஷியாவைச் சேர்க்காமலே 1.82 கோடியாக இருந்த மக்கள்தொகை 76 லட்சமானது. ஹங்கேரிய மொழி பேசுவோர் 30 லட்சத்துக்கும் மேல் அயல்நாட்டார் ஆனார்கள். படையில் 35,000 பேருக்கு மேல் கூடாது.

சுற்றுலா நாடாளுமன்றத்துக்கு எதிரே தொடங்குகிறது. 2020 ஆகஸ்டில் திறந்த நினைவிடம்: 100 மீட்டர் நீளத்துக்குத் தரைக்குள் இறங்கிப்போகும் சரிவுப் பாதை, இருபக்கக் கருங்கல் சுவர்களில் 12,500க்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்கள், கடைசியில் அணையா நெருப்பு. பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கால ஹங்கேரியின் ஊர்கள் அத்தனையும் அதில் உண்டு, இன்றைக்கு எந்த நாட்டில் இருந்தாலும். கட்டடமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்லோவாக்கியரோ ருமேனியரோ மட்டுமே வாழ்ந்த ஊரும் ஹங்கேரியப் பெயரோடுதான் நிற்கிறது. அதைப்பற்றித் தம்பி வாயே திறக்கவில்லை.

அடுத்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு வரைபடத்தை எல்லாரிடமும் சுற்றுக்கு விட்டார். புவியியலாளர் பால் தெலெகி தயாரித்த புகழ்பெற்ற சிவப்பு வரைபடம். ஹங்கேரியர் வாழ்ந்த இடம் அடர் சிவப்பு, ருமேனியர் இடம் கண்ணில் படாத வெளிர் நிறம், மக்கள் நெருக்கம் குறைந்த மலைப்பகுதி வெறும் வெள்ளை. பார்த்தவுடன் நாடே சிவப்பாகத் தெரியும். 1910 கணக்கெடுப்பிலேயே, குரோஷியா நீங்கலாக, ஹங்கேரிய மொழிக்காரர்கள் பாதியைச் சற்றே தாண்டியவர்கள்தான். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் வாதத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

ஹங்கேரிய அரசியல்வாதி ஆல்பர்ட் அப்போனி விஷயத்திலும் இதே கதை. 1920 ஜனவரியில் பாரிஸ் மாநாட்டில் இந்தக் கிழவர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இத்தாலியனிலும் தன் நாட்டுக்காக வாதாடியதைத் தம்பி உருக்கமாகச் சொன்னார். உண்மையிலேயே நல்ல உரைதான். அதே அப்போனி கல்வி அமைச்சராக இருந்தபோது, 1907இல், பிறமொழிப் பள்ளிகளில் நாலு வருடத்துக்குள் பிள்ளைகள் ஹங்கேரியனில் பேசி எழுதியாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர். பாரிஸில் அவருடைய பேச்சு ஏன் எடுபடவில்லை என்பதற்கு இது ஒன்றே முழுக் காரணம் அல்ல. எல்லைகளை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் அவரைப் பேசவே கூப்பிட்டார்கள். ஆனாலும் ஸ்லோவாக்கியரும் ருமேனியரும் ஏன் பிரிந்துபோகத் துடித்தார்கள் என்று கேட்டால் இந்தப் பள்ளிச் சட்டத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

கொடுத்த காசுக்கு ஈடு கட்டியது விடுதலைச் சதுக்கம். அமெரிக்கத் தளபதி பாண்ட்ஹோல்ட்ஸின் சிலை இங்கே இருக்கிறது. 1919இல் புடாபெஸ்டைப் பிடித்திருந்த ருமேனியப் படை தேசிய அருங்காட்சியகத்தை அள்ளிக்கொண்டுபோக வந்தபோது தடுத்து நின்றவர். சிலையில் முதுகுக்குப் பின்னால் குதிரைச் சவுக்கைப் பிடித்திருப்பதைத் தவறவிடாதீர்கள். இதே சதுக்கத்தில் 1921இல், போன நிலத்துக்காக, திசைக்கொன்றாக நான்கு சிலைகள் வைத்தார்கள். இப்போது அவை இல்லை. பிறகு வந்தது அரைக்கம்பத்தில் பறந்த கொடிமேடை. அது இருந்த இடத்தில் இன்று சோவியத் நினைவுத்தூண்.

அங்கே நிற்கவைத்து, ரயில் பெட்டிகளில் குடியிருந்தவர்களின் கதையைச் சொன்னார் பாருங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாம். போன பகுதிகளிலிருந்து மூன்றரை லட்சம் பேர் அளவுக்கு ஓடிவந்தார்கள். தாசில்தார் மாதிரி அதிகாரிகள், வாத்தியார்கள், மாணவர்கள். வீடு கிடைக்காமல் நிலையங்களில் சரக்குப் பெட்டிக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் பல. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அதோடு நிறுத்திவிட்டார்.

நிறுத்தியிருக்கக் கூடாது. உடன்படிக்கை அரசியலாக மாறிய இடமே அதுதான். முழு நாட்டை ஆளப் பழகிய அதிகாரிக் கூட்டம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டுக்குள் வேலை தேடுகிறது. அவர்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள். 1920 செப்டம்பரில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. கொண்டுவந்த பிரதமர் யார்? வரைபடம் போட்ட அதே தெலெகி. இன்னொன்று, 1922இல் அடுத்த பிரதமர் பெத்லெனின் அரசு கிராமங்களில் ரகசிய வாக்கெடுப்பையே நீக்கியது. பண்ணையாரின் ஆள் முன்னால் வெளிப்படையாக ஓட்டுப் போட வேண்டும். நிலம் கேட்டவனிடம் எல்லையைக் காட்டினார்கள். இடது, வலது என்ற பேதமின்றி எல்லாக் கட்சியும் எல்லையை மாற்ற வேண்டும் என்றதால், உள்ளூர் அநியாயத்தைக் கேட்பவன் தேசத்துரோகி ஆகிவிட்டான்.

1938 முதல் 1941 வரையிலான காலத்தைத் தம்பி நடந்துகொண்டே இரண்டு வாக்கியத்தில் தாண்டினார். 1938 நவம்பரிலும் 1940 ஆகஸ்டிலும் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் தீர்ப்புச் சொல்லி ஹங்கேரிக்கு நிலம் வாங்கிக் கொடுத்தன. வாங்கிய நிலத்துக்கு ஹிட்லரிடம் கடன்பட்டாயிற்று. தெலெகி 1940 டிசம்பரில் யூகோஸ்லாவியாவோடு நட்பு உடன்படிக்கை செய்தார். நாலே மாதத்தில் ஜெர்மன் படை ஹங்கேரி வழியாக அந்த நாட்டைத் தாக்கக் கிளம்பியது. வாக்குத் தவறிவிட்டோம் என்று நாட்டின் ஆட்சித்தலைவர் ஹோர்த்திக்கு எழுதிவைத்துவிட்டு, 1941 ஏப்ரல் 3 அன்று தன்னைச் சுட்டுக்கொண்டார். 1947 பாரிஸ் உடன்படிக்கையில் பழைய எல்லையே திரும்பி வந்தது, கூடவே மூன்று கிராமங்களும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின. தெலெகி என்ற இந்த ஒரு மனிதரைப் பின்தொடர்ந்தாலே போதும், சுற்றுலா முழுமையாகியிருக்கும்.

முடியும் தறுவாயில் இன்றைய நிலை பற்றிக் கேட்டேன். “அரசியல் பேசுவதில்லை மேடம்” என்று சிரித்தார். இரண்டரை மணி நேரம் வேறென்ன பேசினோம் என்று கேட்க நினைத்து, பாவம் என்று விட்டுவிட்டேன். 2010இல் ஜூன் 4ஐ தேசிய ஒற்றுமை நாள் ஆக்கியதும், அயல்நாட்டு ஹங்கேரியர்களுக்கு எளிதாகக் குடியுரிமை தந்ததும் ஊரறிந்த செய்தி. பத்து லட்சத்துக்கும் மேல் புதுக் குடிமக்கள். நாட்டுக்குள் முகவரி இல்லாத அவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாம். லண்டனில் வேலை பார்க்கும், புடாபெஸ்டில் வீடு வைத்திருக்கும் ஹங்கேரியர் தூதரக வாசலில் வரிசையில் நின்றுதான் போட வேண்டும். 2014, 2018, 2022 மூன்றிலும் தபால் வாக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தக் குடியுரிமையைத் தந்த ஃபிடெஸ் கட்சிக்கு விழுந்தன. ட்ரியனான் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கருங்கல் சுவரைவிட இந்தத் தபால் உறையைத்தான் நான் காட்டுவேன்.

ஐந்துக்கு மூன்று. விடுதலைச் சதுக்கத்துக்கு இரண்டரை, தம்பியின் பொறுமைக்கு அரை. அப்போனி, தெலெகி இருவரைப் பற்றியும் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். கேட்டால் தனியாகச் சொல்கிறார், தானாகச் சொல்வதில்லை. மைக் கிடையாது, டிராம் சத்தம் உண்டு, முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள். கழிப்பறைக்கு இடையில் நிறுத்தமாட்டார்கள்.