வள்ளி திருமணம்: மேடையா, திரையா?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தைச் சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு திருவிழா இரவில் பார்த்தேன். அப்புறம் அதே வாரம், ஏ.வி.மெய்யப்பன் 1945இல் எடுத்த 'ஸ்ரீ வள்ளி' படத்தைக் கைப்பேசியில்.

படத்தில் முருகனாக நடித்த டி.ஆர்.மகாலிங்கத்தின் உச்சக் குரலுக்கு நான் மேடையில் பார்த்த முருகன் ஈடில்லை, சரி. கதையும் சட்டென்று முடிகிறது, தூக்கம் கெடாது.

ஆனால் இந்த நாடகத்தின் உயிர், வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம். மேடையில் இவர் ஒரு பாட்டில் கேட்க, அவர் மறு பாட்டில் மடக்க, ஆர்மோனியக்காரர் இருவரையும் சீண்டிவிட, நேரம் போனதே தெரியவில்லை. எதிராளி என்ன பாடுவார் என்று வள்ளிக்கே நிச்சயம் இல்லை. குரல் பிசிறினால் கூட்டம் அங்கேயே சிரித்துவிடும். படத்தில் அந்தப் பயமே கிடையாது. வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனம் இருந்த சேலத்துக்காரன் சினிமாவைக் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் என் ஓட்டு மேடைக்கே. வள்ளியை மிரட்டும் யானையாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பையன்கள் வந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.