குமிழித் தூணுக்குப் பொடியா, மணியா?

அடியிலிருந்து வாயுவைக் குமிழிகளாக விடும், திரவம் நிறைந்த குமிழித் தூணுக்குள் திண்ம வினையூக்கியையும் சேர்ப்பதானால் அதை 50 மைக்ரான் பொடியாகச் சேர்ப்பதா, 5 மில்லிமீட்டர் மணியாகச் சேர்ப்பதா என்ற கேள்வி, எங்கள் ஆய்வகத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் தூணை நிறுத்தியபோது எழுந்தது. வினையூக்கிக்குப் பதிலாகக் கண்ணாடித் துகள்களை இட்டு இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு நான் பொடியைத் தேர்ந்தேன். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பொடிக்கு மேற்பரப்பு அதிகம், வினைபடு பொருள் துகளின் நடுவரை ஊடுருவ வேண்டிய தொலைவு குறைவு என்பவை பாடநூலிலேயே உள்ளன. என் முடிவைத் தீர்மானித்தது, துகள் குமிழியை என்ன செய்கிறது என்பதுதான்.

முதலில் மணி. காற்றும் நீரும் ஓடும் தூணில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடி மணிகள் குமிழிகளை உடைக்கும் போக்குடையவை. 5 மில்லிமீட்டரில் இது கண்ணுக்கே தெரியும். குமிழி சிறுத்தால் வாயு மெதுவாக ஏறும், திரவத்தில் கரையவும் நேரம் கிடைக்கும். இது மணிக்குப் பெரிய சாதகம். ஆனால் 1 மில்லிமீட்டர் மணியை இட்டால் நிலைமை தலைகீழாகி, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. நீரோட்டத்தில் மிதந்துகொண்டிருந்த அந்த மணிக் கூட்டத்துக்குள், அதாவது படுகைக்குள், காற்றைத் திறந்தபோது படுகை உயரும் என்று காத்திருந்த மாணவர்கள், அது சரசரவென்று கீழே இறங்கியதைக் கண்டு வால்வை அவசரமாக மூடினார்கள். பழுது ஒன்றும் இல்லை: பெரிய குமிழி தன் வாலில் நீரை இழுத்துக்கொண்டு விரைவதால், மணிகளைத் தாங்க மிஞ்சும் நீரின் வேகம் குறைந்துவிடுகிறது. 5 மில்லிமீட்டர் மணியை நீரால் மட்டும் தூக்கி நிறுத்தவோ விநாடிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகம் வேண்டும். எங்கள் தூணுக்கு அது நிமிடத்துக்கு 50 லிட்டர். பம்பு நின்றால் படுகையும் உட்கார்ந்துவிடும்.

பொடி குமிழியை உடைப்பதில்லை. அளவு கூடினால் கெடுக்கவே செய்கிறது. இதை மறைத்துப் பொடிக்குப் பரிந்து பேசுவது நேர்மையாகாது. 1.2 மீட்டர் நீர், காற்று விட்டதும் 1.5 மீட்டராக உயர்ந்தால் வாயுவின் பங்கு 20 விழுக்காடு என்று கணக்கு. பொடியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கச் சேர்க்க அந்த மட்டம் இறங்குவதைத் தூணின் அளவுகோலிலேயே பார்க்கலாம். நீரும் பொடியும் கலந்த குழம்பு கெட்டியாக, சிறு குமிழிகள் சேர்ந்து மறைகின்றன; எஞ்சும் பெருங்குமிழிகள் விநாடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டும் வேகத்தில் வெளியேறிவிடுகின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியலாளர் கிருஷ்ணாவின் குழு பாரஃபின் எண்ணெயில் சிலிக்காப் பொடியைப் பருமனில் 36 விழுக்காடு வரை சேர்த்துப் பார்த்து 1997இல் வெளியிட்ட முடிவும் இதுவே: பொடி கூடக்கூடச் சிறுகுமிழிகளின் பங்கு சரிந்தது, பெருங்குமிழிகளின் பங்கோ பெரிதாக மாறவில்லை.

அப்படியிருந்தும் பொடியை ஏன் தேர்ந்தேன் என்றால், அதன் தீங்கின் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. மணி குமிழியை என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் அதன் விட்டம் முடிவு செய்துவிடுகிறது; ஒருமுறை வாங்கிய பிறகு அதை மாற்ற முடியாது. பொடியிலோ எவ்வளவு இடுகிறோம் என்பதே பேச்சு. பருமனில் 5 விழுக்காட்டுக்குள் நிறுத்தியபோது மட்டம் இறங்கியது எங்களுக்குப் பொருட்டாக இல்லை; கூடிப்போனால் கொஞ்சம் குழம்பை வடித்து நீரை ஊற்றினால் போதும். 50 மைக்ரான் கண்ணாடித் துகள் நீரில் விநாடிக்கு 2 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்பதால், அதைத் தூக்கி வைக்கத் தனிப் பம்பும் வேண்டாம், காற்றின் கலக்கலே போதுமானது. மின்சாரம் போனால் மட்டும் சுமார் 10 நிமிடத்தில் பெரும்பகுதி அடியில் தங்கி காற்றை உள்ளே விடும் ஸ்பார்ஜரின் துளைகளை அடைத்துவிடும். அதற்காக அழுத்திய காற்று அடைத்த ஓர் உருளையை எப்போதும் இணைத்தே வைத்திருக்கிறோம்.

பொடியின் உண்மையான தொல்லை வடிகட்டுதல். தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்க்கில் சாசோல் நிறுவனம் 1993இல் ஓட்டத் தொடங்கிய, வாயுவிலிருந்து மெழுகு தயாரிக்கும் 5 மீட்டர் விட்டக் குழம்புத் தூணுக்கும், அந்த மெழுகிலிருந்து நுண்ணிய ஊக்கியைப் பிரிக்கும் வழி பிடிபட்ட பிறகே காலம் கனிந்தது. நான் ஓட்டியது சாதாரண அழுத்தத்தில், குளிர்ந்த நீரும் காற்றும் மட்டுமே. அழுத்தம் கூடும்போது குமிழிகள் பொதுவாகச் சிறுத்துவிடுவதால், அங்கே என் 5 விழுக்காட்டு எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.