கார்ன்வாலா, பிரிட்டனியா? எங்க வீட்ல இன்னும் முடியாத வாக்குவாதம்

இங்கிலாந்துல கார்ன்வால் போலாமா, பிரான்ஸ்ல பிரிட்டனி போலாமான்னு யாராவது கேட்டா எங்க வீட்ல ரெண்டு பதில் வரும். அவருக்கு கார்ன்வால், எனக்கு பிரிட்டனி. நாங்க பிளிமத்ல கப்பல் ஏறி ரோஸ்காஃப்ல இறங்கி ஒரே டிரிப்ல ரெண்டையும் பாத்தோம்.

ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. இந்தப் பக்கம் லேண்ட்ஸ் எண்ட், அந்தப் பக்கம் ஃபினிஸ்டேர், ரெண்டுக்குமே நிலத்தோட கடைசின்னு தான் அர்த்தம். 5, 6ஆம் நூற்றாண்டு வாக்குல பிரிட்டன்ல இருந்து கடல் தாண்டிப் போன செல்டிக் ஜனங்க பாஷையையும் கொண்டு போயிருக்காங்க, ரெண்டு பக்கமும் ரொட்டிக்கு பாரா, கடலுக்கு மோர் (நமக்கு மோர்னா வேற, அதனாலயே மறக்கல).

அவரு கட்சி என்னன்னா கார்ன்வால்ல இருக்கற மராசியன்ங்கற ஊரு தான். தண்ணி வடிய வடிய கடலுக்குள்ள இருந்து ஒரு கல் பாதை மேல வரும், பாசி ஒட்டி ஈரமா இருக்கும், அதுல நடந்தே செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக்குப் போகலாம். நாங்க திரும்பறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, படகுல தான் வந்தோம், அவருக்கு அதுவும் சந்தோஷம். அப்புறம் மினாக் தியேட்டர், ரோவெனா கேட்ங்கற அம்மா, தோட்டக்காரங்க உதவியோட பாறையிலயே செதுக்கினது, 1932ல முதல் நாடகம். மேடைக்குப் பின்னாடி திரையே கடல் தான். அதுக்கு ஈடா பிரிட்டனில நான் எதையும் பாக்கல, ஒத்துக்கறேன்.

நடைக்கு ரெண்டுமே அருமை. பிரிட்டனில கடத்தலைப் பிடிக்க சுங்கக்காரங்க ரோந்து போன பாதை தான் இன்னைக்கு ஜிஆர் 34ங்கற கடலோர நடைபாதை, சுமார் 2000 கிமீ. கார்ன்வால்ல ஏத்தம் இறக்கம் ஜாஸ்தி, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

சாப்பாட்டுல பிரிட்டனி தான், பேச்சே இல்ல. கார்ன்வாலோட பாஸ்டி (மாவுக்குள்ள கறி, உருளைக்கிழங்கு வச்சு மடிச்சு சுட்டது) வயிறு ரொம்பும், சுரங்கத்துக்குப் போனவங்க கையில எடுத்துட்டுப் போன சாப்பாடு அது. ஆனா பிரிட்டனில கேலெட் சுடறத பக்கத்துல நின்னு பாருங்க. பக்வீட் மாவ வட்டக் கல்லுல ஊத்தி, T எழுத்து மாதிரி இருக்கற மரக்குச்சியால ஒரே சுத்து, ஓரம் மொறுமொறுன்னு பிரியறப்ப முட்டைய உடைச்சு விட்டு நாலு பக்கமும் மடிப்பாங்க, நம்ம தோசைக்கல்லு முன்னாடி நிக்கற மாதிரியே இருந்துச்சு.

ஆனா நான் பிரிட்டனின்னு சொல்றதுக்குக் காரணம் அது இல்ல. கார்ன்வால்ல மவ்சல் கிராமத்துல டாலி பென்ட்ரீத்னு ஒரு பாட்டி, 1777ல இறந்தவங்க, அந்த ஊரு பழைய பாஷையான கார்னிஷை தாய்மொழியா பேசின கடைசி ஆள்னு சொல்றாங்க. இப்ப திரும்ப கத்துக்கறாங்க, ஆனா எங்க காதுல விழவே இல்ல. பிரிட்டனில ஒரு சந்தையில ரோஸ்காஃப் வெங்காயம் வாங்கறப்ப ரெண்டு பாட்டிங்க பிரிட்டனியோட சொந்த பாஷையான பிரெட்டன்ல வழக்கடிச்சிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை புரியல, நகரவும் மனசு வரல.

நாலு நாள் தான் லீவுன்னா கார்ன்வால் போங்க, லண்டன்ல இருந்து பென்சான்ஸ் வரைக்கும் நேரா ட்ரெயின் இருக்கு. பிரிட்டனிக்கு ஒரு வாரமும் காரும் வேணும். இந்தியன் பாஸ்போர்ட்னா ரெண்டுக்கும் தனித்தனி விசா, அத முதல்லயே பாத்துக்கோங்க.