'ஹேச்சரி மீன், வளர்ப்புப் பாறை' என்று கடல் தொட்டி விற்கிறவர்களிடம் கவனம்

கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும், அதுவும் கடலுக்குக் கெடுதல் செய்யாமல் வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களின் அக்கறையையே காசாக்குகிற வியாபாரம் ஒன்று நடக்கிறது. சென்னையில் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் போயிருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இதே பேச்சை எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள்.

நான்கடித் தொட்டி, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி), விளக்கு, பாறை, மீன் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். நான் வைத்த நிபந்தனை இரண்டுதான்: மீன் ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், வளர்ந்ததாக இருக்க வேண்டும், பாறை (தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா குடியிருக்கும் 'லைவ் ராக்') கடலில் வெட்டியதாக இருக்கக் கூடாது. "சார், நம்மகிட்ட எல்லாமே ஹேச்சரி மீன்தான். லைவ் ராக்கும் நாமளே தொட்டியில வளர்க்கிறது. பில்லு போட்டே தர்றேன்" என்றார் கடைக்காரர். அதைச் சொல்லியே மற்ற கடைகளைவிட மீனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை வாங்கினார்.

பாறை ஈரச் சாக்கில் வந்து இறங்கியது. பிரித்ததும் குப்பென்று அழுகல் வாடை. தொட்டியில் அடுக்கிய மறுநாள் அம்மோனியா கிட்டில் (மீனைக் கொல்லும் அம்மோனியா தண்ணீரில் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சோதனை) பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சை. பாறைக்குள் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு துண்டை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பக்கம் பழுப்பும் ஊதாவுமாகப் பாசி. அடிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையில் புதிதாக உடைந்த முகம், ஓரத்தில் கடப்பாரை பட்டது போன்ற பள்ளம். அந்த வெள்ளையில் நெருக்க நெருக்கமாகச் சின்னச் சின்ன வட்டக் குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள். சிமெண்டிலோ பீங்கானிலோ வார்த்த பாறையில் இது வராது. பவளப் பூச்சி உட்கார்ந்திருந்த கிண்ணம் அது. கடல் உயிரியல் படித்த நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்த உடனேயே பவளம் என்று உறுதி சொல்லிவிட்டார்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரையும் அப்போதே சேர்ந்தது. செத்த பவளத்தை விற்பதும் குற்றம்தான். வாங்கி வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்ளலாம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். கடைக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன்: 'லைவ் ராக்' என்ற சொல்லே கிடையாது, 'டெக்கரேஷன் ஸ்டோன்' என்று எழுதியிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்று எத்தனை முறை கேட்டும் பதில் இல்லை.

எனக்கு இதில் பணம் போனதைவிட இதுதான் ஆத்திரம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. இன்னமும் வீட்டு வரவேற்பறைக்காக ஒருவர் கடப்பாரை எடுக்கிறார் என்றால் என்ன சொல்வது?

அப்புறம் மீன். பாறை வாடையைப் பார்த்ததுமே மீன்களைத் தொட்டியில் விடாமல், வேறு நல்ல தண்ணீர் வைத்த தனித் தொட்டியில் விட்டேன். "பாக்டீரியா பாட்டில் ஊத்தியாச்சு, இன்னைக்கே விடலாம் சார்" என்றதை நம்பாதீர்கள். புதுத் தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி (அம்மோனியாவைப் பாக்டீரியா கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் வேலை) நிலைபெறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். தனித் தொட்டியில் அம்மோனியா கடைசிவரை பூஜ்யம். இருந்தும் கோமாளி மீன் ஜோடி பெல்லட்டை (உலர்ந்த உருண்டைத் தீனி) திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிருள்ள ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்) போட்டால் மட்டும் கொத்தியது, ஆள் நிழல் பட்டாலே மூலைக்கு ஓடியது. பொரிப்பகத்து மீன் இதற்கு நேர் எதிர். பெல்லட் தின்றே வளர்ந்தது, ஆளைக் கண்டால் முன்னால் வந்து நிற்கும்.

கூடவே வாங்கிய ப்ளூ டாங் என்ற நீல நிறக் கடல்மீனின் சங்கதி இன்னும் மோசம். அந்த மீனை முதன்முதலில் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்ததே 2016-இல், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். இன்றைக்கும் சந்தைக்கு வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. முழு வளர்ச்சியில் ஓரடி வரும் மீனை நான்கடித் தொட்டிக்கு விற்றதே தப்பு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவள இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்குகிற மீனை அள்ளுகிற வழக்கம் 1960களிலிருந்து இருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். பக்கத்துப் பவளமும் சாகும். என் டாங்குக்கு நடந்தது அதுதானா என்று நிரூபிக்க வழியில்லை. சாப்பிடாமல் வயிறு உள்வாங்கி, ஒரு காலையில் செத்துக் கிடந்தது. கடையில் கேட்டதற்கு "உங்க தண்ணி சரியில்ல சார்" என்று முடித்துக்கொண்டார்.

வாங்கப் போகிறவர்கள் பொரிப்பகத்தின் பெயரைக் கேளுங்கள். கோமாளி மீனைப் பொரிக்கவைப்பது நம் ஊரிலேயே நடக்கிற வேலை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. உண்மையிலேயே அங்கே பழகி வந்த ஆளோ, அப்படி ஒரு பண்ணையிலிருந்து எடுக்கிறவரோ பெயர் சொல்லத் தயங்க மாட்டார். கண்ணெதிரில் பெல்லட் போடச் சொல்லுங்கள், தின்னவில்லை என்றால் வாங்காதீர்கள். பாறைக்குப் பீங்கான் அல்லது சிமெண்ட் வார்ப்பே போதும், பாக்டீரியா குடியேறக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். பில்லில் மீனின் பெயர், பொரிப்பகத்தின் பெயர், பாறை எதனால் ஆனது என்பது மூன்றும் எழுத்தில் வரட்டும். என் பில்லில் 'மெரைன் ஃபிஷ்' என்று மட்டும் இருப்பதால்தான் புகாரில் இவ்வளவு இழுபறி.

பாறை முழுவதையும் படம் எடுத்துவைத்து, எழுத்தில் விவரம் கொடுத்து வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரிப் பாறை உங்கள் தொட்டியில் இருந்தால் பயந்துபோய்க் குப்பையில் போடாதீர்கள், வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம். பில்லையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நேராக வனத்துறையிடம் போங்கள்.