‘பெற்றோர் டிஎன்ஏ க்ளியர்’ என்ற சர்டிஃபிகேட்டை நம்பி நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

லாப்ரடார் குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ‘அப்பா அம்மா ரெண்டுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் க்ளியர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்ட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ப்ரூனோவை எனக்கு விற்றார்கள். ப்ரூனோவுக்கு ஈஐசி இருக்கிறது. கடுமையாக ஓடினால் பின்னங்கால்கள் வலுவிழந்து விழச் செய்யும் பரம்பரை நோய் அது. அவனை விற்ற பிரீடர் அதே ஜோடியின் அடுத்த ஈற்றுக்கு இப்போது முன்பதிவு வாங்குகிறார். விளம்பரத்தில் அதே வாசகம். இப்போது எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஹெல்த் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் வந்தது. லேபின் பெயர், ரிப்போர்ட் எண், நாயின் பெயர், மைக்ரோசிப் எண், கீழே நோய்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘க்ளியர்’. பெயர்கள் இரண்டும் வம்சாவளிச் சான்றிதழோடு பொருந்தின. தாய் நாயை நேரில் காட்டினார். தகப்பன் வேறொருவரின் நாய் என்றார். அது வழக்கம்தான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ப்ரூனோவுக்கு ஒரு வயது நெருங்கும்போது முதல் தடவை விழுந்தான். பந்தை விரட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பின்பக்கம் தள்ளாட ஆரம்பித்தது. நிற்காமல் பந்தை நோக்கியே போனான், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு. அப்புறம் படுத்துவிட்டான். நினைவு தெளிவாக இருந்தது, வலி இருந்த மாதிரி தெரியவில்லை, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. அரை மணி நேரத்துக்குள் எதுவுமே நடக்காததுபோல் நடந்தான். கால்நடை மருத்துவர் இதயம், ரத்தம், முதுகெலும்பு எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. இந்த நோயின் இயல்பே அதுதான் என்று பிறகு விளக்கினார். ஓய்வாக இருக்கும் நாயை எப்படிச் சோதித்தாலும் ஆரோக்கியமாகவே தெரியும்.

டிஎன்எம்1 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2008-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நரம்பு முனையில் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் சின்னச் சின்னப் பைகளில் இருக்கும். நாய் ஆவேசமாக ஓடும்போது அந்தப் பைகள் வேகமாகக் காலியாகும், அதே வேகத்தில் திரும்ப உருவாக வேண்டும். அதைச் செய்யும் புரதம் இந்த நாய்களில் ஈடுகொடுப்பதில்லை. சாதாரண நடைக்குப் போதும், உற்சாகத்தோடு ஐந்து பத்து நிமிடம் பாய்ந்து ஓடினால் போதாது. பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் முதல் முறை வெளியே தெரியும். பல நாய்கள் தேறிவிடும். சில, ஓட்டத்தை நிறுத்தாமல் விட்டதில் செத்தும் போயிருக்கின்றன. குணப்படுத்த மருந்து கிடையாது.

கன்னத்தின் உட்புறத்தில் ஸ்வாப் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினோம். ப்ரூனோவுக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானவை என்று வந்தது.

இங்கேதான் அந்த ‘க்ளியர்’ காகிதத்தின் பொய் வெளிப்படுகிறது. ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பிரதி தாயிடமிருந்து வருகிறது, இன்னொன்று தகப்பனிடமிருந்து. குட்டியிடம் இரண்டும் பழுது என்றால், பெற்றோர் இருவரிடமும் குறைந்தது ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தே ஆக வேண்டும். இருவருமே க்ளியர் என்பது நடக்க வழியில்லாத ஒன்று. ஒன்று ரிப்போர்ட் பொய், இல்லையென்றால் வம்சாவளிச் சான்றிதழில் இருக்கும் பெற்றோர் பொய். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள லேபுக்கே எழுதினேன். தாயின் பெயரில் இருந்த ரிப்போர்ட் எண் அவர்களிடம் வேறொரு நாயின் பெயரில் பதிவாகியிருந்தது. பெயரும் சிப் எண்ணும் மாற்றி ஒட்டப்பட்டவை. தகப்பன் நாய்க்கு அங்கே டெஸ்ட் எடுத்தது உண்மை. ஆனால் எடுத்தது ரோமத்தின் நிறத்துக்கான டெஸ்ட் மட்டும். நோய்ப் பட்டியல் முழுக்கப் பிற்பாடு சேர்த்தது.

பிரீடரிடம் கேட்டபோது முதலில் ‘ஓவரா ஓட விட்டிருப்பீங்க சார்’ என்றார். பிறகு சாப்பாட்டைக் குறை சொன்னார். லேபின் பதிலை அனுப்பியதும், ‘சரி, இவனைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த ஈத்துல ஒண்ணு எடுத்துக்கங்க’ என்றார். திருப்பிக் கொடுத்தால் ப்ரூனோ என்ன ஆவான் என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

எனக்கு ஆறாத கோபம் எதில் தெரியுமா? இந்த ஏமாற்றுக்கு அவசியமே இருக்கவில்லை. கேரியர், அதாவது ஒரு பிரதி மட்டும் பழுது என்று ரிப்போர்ட் வந்தால் அந்த நாயை ஒதுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு பழுதான பிரதி மட்டும் உள்ள நாய் பொதுவாக இந்த நோயால் விழாது. அதை க்ளியரான நாயோடு சேர்த்தால் குட்டிகளில் சில கேரியராக இருக்கும், ஒன்றுக்குக்கூட நோய் வராது. நல்ல குணமும் உடற்கட்டும் உள்ள ஒரு கேரியரை ஒதுக்கினால் இனத்தின் மரபணு வளம்தான் சுருங்கும். பொறுப்பான பிரீடர்கள் கேரியரை க்ளியரோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளை டெஸ்ட் செய்து, அடுத்த தலைமுறைக்கு க்ளியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரியரையும் கேரியரையும் சேர்ப்பதுதான் கூடாது. சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு, கேரியராக 50 சதவீதம். ஒரு ஸ்வாப் எடுத்திருந்தால் அதே தாயை வேறு தகப்பனோடு சேர்த்து, ப்ரூனோ மாதிரி ஒரு குட்டிகூட இல்லாத ஈற்றை நேர்மையாகவே விற்றிருக்கலாம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டை ஃபோட்டோவாக வாங்கிக்கொள்வதோடு நிற்காதீர்கள். லேபின் இணையதளத்தில் ரிப்போர்ட் எண்ணைச் சரிபார்க்க வசதி இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். தாயின் சிப்பை உங்கள் கண்முன்னே ஸ்கேனரில் படிக்கச் சொல்லுங்கள். வரும் 15 இலக்கமும் ரிப்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்வாப் எடுத்தது யார் என்றும் கேளுங்கள். மருத்துவர் சிப்பைப் படித்துப் பார்த்து எடுத்த மாதிரிக்கும், பிரீடர் வீட்டிலேயே எடுத்து அனுப்பியதற்கும் நம்பகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ‘எங்க ஆளு, செக் பண்ணிட்டாரு’ என்று சொல்லி மருத்துவரின் பொதுப் பரிசோதனைச் சீட்டை நீட்டினால், அது மரபணு டெஸ்ட் இல்லை.

‘டிஎன்ஏ க்ளியர்’ என்ற சொல் மட்டும் எதையும் சொல்வதில்லை. எந்த நோய்க்கு என்று கேட்க வேண்டும். லாப்ரடார் என்றால் ஈஐசி, கண் பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் பிஆர்ஏ, தசைகளைப் பலவீனமாக்கும் சிஎன்எம் ஆகியவற்றின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு இனத்துக்குப் பட்டியலே மாறும். கோலி வகை நாய்களில் எம்டிஆர்1 என்ற மரபணுவுக்கான டெஸ்ட் முக்கியம், ஏனென்றால் அதில் மாற்றம் உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அதிக அளவில் போனால் உயிருக்கே ஆபத்து. டோபர்மேனில் இதயத் தசை நோய்க்கு டிஎன்ஏ டெஸ்ட்கள் இருந்தாலும் அவற்றில் க்ளியர் வந்த நாய்க்கும் நோய் வரலாம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனையும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இடுப்பு. ‘ஹிப் டிஎன்ஏ க்ளியர்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இடுப்பு மூட்டுக் குறைபாடு பல மரபணுக்களும் வளரும் விதமும் எடையும் சேர்ந்து வருவது. ஒரு ஸ்வாப்பில் க்ளியர் சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே வேண்டும். இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துத் தரம் போடும் அமெரிக்க அமைப்பான ஓஎஃப்ஏ, நாய்க்கு 24 மாதம் முடிந்த பிறகுதான் இறுதித் தரம் கொடுக்கிறது. ஆகவே இரண்டு வயதுகூட ஆகாத தாயின் பெயரில் ஓஎஃப்ஏ இறுதிச் சான்றிதழ் காட்டினால் அது பொய். ப்ரூனோவை விற்றவரின் புதிய விளம்பரத்தில் இடுப்பையும் டிஎன்ஏ க்ளியர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

ப்ரூனோ இப்போது கயிற்றில் நடக்கிறான், மோப்பம் பிடிக்கும் விளையாட்டுகள் விளையாடுகிறான். பந்தை எடுத்து வைத்துவிட்டோம். வெயில் நேரத்தில் வெளியே விடுவதில்லை.

அவனோடு பிறந்த குட்டிகள் வேறு வீடுகளில் இருக்கின்றன. அவற்றை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாய் இதுவரை விழவில்லை என்றாலும் ஈஐசி டெஸ்ட் எடுத்துவிடுங்கள். இனச்சேர்க்கைக்கு விட நினைப்பவர்கள் டெஸ்ட் வராமல் விடவே விடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிய சிகிச்சை எதுவும் வந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ப்ரூனோவின் ரிப்போர்ட்டும் லேப் எழுதிய பதிலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு உடனே அனுப்புகிறேன்.