கள்ளுக்குக் காலையில் போக வேண்டும்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒரே வகுப்பில் படித்த ஆறு பேர் யாழ்ப்பாண நகரிலிருந்து வான் பிடித்து, வலிகாமத்தையும் தொண்டைமானாற்றுக் கரையையும் சுற்றி வந்தோம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர்தான் இதற்குக் காரணம். அவர் எல்லை தாண்டி நியூயோர்க் மாநிலத்தின் பிங்கர் லேக்ஸ் பகுதிக்குப் போய், ஏரிக்கரையிலுள்ள வைன் தோட்டங்களை மூன்று நாள் சுற்றிப் பார்த்தவர். ஊரிலும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று அவர் கேட்கப் போக, நகரில் வான் வாடகைக்கு விடும் ஒருவர் 'வைன் ருவர்' என்று பெயர் வைத்து ஒரு நாள் பயணத்தை ஒழுங்குசெய்து தந்தார். காலையில் கன்னியர் மடம், பிறகு தோலகட்டி ஆச்சிரமம், முந்திரிகைத் (திராட்சை) தோட்டம், நிலாவரைக் கேணி, கடனீரேரி, எல்லாம் முடிந்த பின் கள்ளு என்பது அவர் போட்ட வரிசை. இடங்களில் எனக்குக் குறையில்லை, வரிசைதான் தலைகீழ்.

வான் புறப்பட்டதும் நண்பர் பிங்கர் லேக்ஸ் கதையைத் தொடங்கிவிட்டார். விரல்களைப் போல நீண்டு கிடக்கும் அந்த 11 ஏரிகளும் பனிப்பாறைகள் குடைந்தவை. அவற்றுள் செனெக்கா ஏரி 180 மீற்றருக்கு மேல் ஆழமானது. அந்த ஆழத்து நீர் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்திருந்து, குளிர்காலத்தில் கரைச் சரிவிலுள்ள கொடிகள் உறைந்து சாகாமல் காக்கிறது. வசந்தத்தில் மெல்லச் சூடேறுவதால் மொட்டுகள் அவசரப்பட்டு விரிந்து பனியில் கருகுவதையும் தடுக்கிறது. ஐரோப்பிய முந்திரிகை அந்தக் குளிரில் தாக்குப்பிடிக்காது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உக்ரைனிலிருந்து குடிபெயர்ந்த கொன்ஸ்ரன்ரின் பிராங்க் அதை வளர்த்துக் காட்டி, 1962 இல் தமது வைன் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று அங்கே பெயர்பெற்றது ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். ஒவ்வொரு தோட்டத்திலும் நீண்ட மேசைக்கு முன் நிறுத்தி, ஒரு மிடறு அளவில் நாலைந்து வகை ஊற்றித் தருவார்கள் என்றும் நண்பர் சொன்னார். அந்த மேசையை எதிர்பார்த்து இங்கே வருபவர் ஏமாறுவார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் முறை.

நகரிலுள்ள செபமாலைக் கன்னியர் மடத்தில் விற்கப்படும் ரொசெற்றோ வைன் இனிப்பானது. கறுவாவும் கராம்பும் மணக்கும். நண்பர் அன்று மாலை அதை முகர்ந்துவிட்டு, குளிர்நாடுகளில் நத்தார்ச் சந்தைகளில் சூடாக்கிக் கொடுக்கும் வைனைப் போல இருக்கிறது என்றார். இனிப்பில்லாத, புளிப்பேறிய ரீஸ்லிங்கோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை. முந்திரிகையின் புளிப்பைக் காப்பாற்றித் தருவது இரவுக் குளிர். எங்கள் ஊரில் இரவும் வெப்பமாக இருப்பதால் பழம் பழுக்கும்போதே அமிலம் குறைந்துவிடுகிறது. அந்தப் பழத்தின் மென்மையான சாற்றுக்குக் கறுவாவும் கராம்பும் ஒரு பிடிப்பைக் கொடுக்கின்றன என்றே எனக்குப் பட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறிய குவளையில் அரைவாசி குடித்தால் நன்றாக இருக்கிறது. சோற்றோடு சேராது.

வசாவிளான் பக்கத்துத் தோலகட்டி ஆச்சிரமம் 1928 இல் தோமஸ் அடிகளார் தொடக்கிய செபமாலைத் தாசர் சபையினுடையது. தவமும் மௌனமும் உழைப்புமாக வாழும் துறவிகளின் இடம் என்பதால், போகிறவர்கள் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு இது சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது. போர்க்காலத்தில் வசாவிளான் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த வீதியால் தடையின்றிப் போவதே ஒரு காரியம். வைனைவிட நெல்லி ரசத்துக்காகவே இந்த இடத்துக்குப் போகலாம். ஒரு பங்கு ரசத்துக்கு நாலைந்து பங்கு குளிர்ந்த நீர் சேர்த்தால், முதலில் துவர்த்து, பிறகு புளித்து, விழுங்கிய பின் நாக்கின் அடியில் இனிக்கும். கலவையை அளவாகச் செய்ய வேண்டும். கூட விட்டால் பாணி, குறைய விட்டால் வெறும் தண்ணீர்.

செம்மண் காணியில் பார்த்த முந்திரிகைத் தோட்டம் பயணத்தின் எதிர்பாராத நல்ல பகுதி. பிங்கர் லேக்ஸில் கொடிகள் வேலிபோல நிரை நிரையாக நிற்குமாம். இங்கே தலைக்கு மேலே பந்தல் போட்டிருக்கிறார்கள். நிழலுக்குள் நின்று அண்ணாந்தால் கருநீலக் குலைகள். குளிர்காலம் இல்லாத ஊரில் கொடி தானாக உறங்காது என்பதால், கத்தரித்துவிட்டுத்தான் அதைப் புதிதாகத் துளிர்க்கச் செய்ய வேண்டும். அதிலிருந்து நாலு மாதமளவில் பழம் கைக்கு வரும். "தம்பி, அந்த நேரம் மழை பெய்தால் பழம் வெடிச்சுப் போகும், பிறகு ஆர் வாங்குவினம்?" என்றார் தோட்டக்காரர். இந்தப் பழம் பெரும்பாலும் சாப்பிடுவதற்கே சந்தைக்குப் போகிறது.

நிலாவரையில் கால்மணி நேரம் போதும். ஆனாலும் அந்தக் கேணியைத் தவிர்க்க வேண்டாம்; மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கும் அது, ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு இல்லாத குடாநாட்டில் முந்திரிகைக்கும் வாழைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காட்டுகிறது. அவர்களுடைய ஏரி நிலத்துக்கு மேலே கிடக்கிறது, எங்களுடையது சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கிறது என்று நண்பருக்குச் சொன்னேன். தொண்டைமானாற்றுக் கடனீரேரியில் காற்று வாங்கினோம், சந்நிதி முருகனைக் கும்பிட்டோம். அங்கே வேறொன்றும் இல்லை.

கள் விற்கும் தவறணைக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்றரை மணி. கள் நன்றாகப் புளித்து, விநாகிரிக்குப் பக்கத்தில் போய்விட்டது. இதற்குத் தவறணையில் பிழை சொல்ல முடியாது. பாளையைச் சீவி முட்டி கட்டியதுமே காற்றிலும் முட்டியிலும் இருக்கும், நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சர்க்கரை மதுவாகும், அதன் பிறகு மது புளிக்காடியாகும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இது நடக்காது, அப்போது கிடைப்பது கருப்பநீர். வைன் போத்தலுக்கு வருடக்கணக்கு உண்டு, பனங்கள்ளுக்கு மணிக்கணக்குத்தான். வானை ஒழுங்குசெய்தவருக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. காசு வாங்கியவர் இதை யோசித்திருக்க வேண்டும். எங்களோடு வந்த இரு தோழியர் தவறணைக்குள் வர விரும்பாமல் வெயிலில் வானுக்குள்ளேயே இருந்தார்கள். ஆண்கள் மட்டுமே கூடும் அந்த இடத்தில் அவர்களுக்கு ஓர் ஏற்பாடும் இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மனம் ஆறாமல் அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவர் ஓட்டோ பிடித்து, தவறணை திறந்த கையோடு போய் நின்றோம். சற்று முன் இறக்கிய கள், பாதி வெள்ளையும் பாதி நுரையுமாக இருந்தது. அங்கிருந்த முதியவர் ஒருவர் பனையோலையில் பிளா என்ற குடிகலம் கோலித் தந்தார். கண்ணாடிக் குவளையில் குடித்தால் கிடைக்காத ஓலை மணம் அதில் சேர்ந்துவிடுகிறது. முதல் மிடறு இனிப்பு, அடுத்தது இலேசான புளிப்பு, பிறகு நாக்கில் சிறு சுணைப்பு. தொட்டுக்கொள்ளப் பொரித்த சூடை மீன் கிடைத்தது. போத்தலில் அடைத்து விற்கும் கள்ளையும் பின்னர் குடித்துப் பார்த்தேன். அது கெடாமல் இருக்கிறது, ஆனால் அந்தச் சுணைப்பு அதில் இல்லை.

ஆகவே போக நினைப்பவர்கள் தவறணையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், தோலகட்டியை மதியத்துக்கு முன்னரும் கன்னியர் மடத்தை நகருக்குத் திரும்பும் வழியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வான் சாரதிக்குக் கள் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். ஆவணிக்குப் பிறகு வருவதானால் பனங்கள் கிடைப்பதே அரிது. ரொறன்ரோ நண்பர் இரண்டு போத்தல் நெல்லி ரசத்தைச் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். வைன் போத்தலை என்னிடமே விட்டுவிட்டார்.