கவுட்: வலி மாத்திரையில் 4 வருடம், அல்லோபியூரினாலில் 3 வருடம்

ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிந்து வீங்கும் நோய்தான் கவுட். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்த ஒரு விடியற்காலையில்தான் அது எனக்கு முதல் தடவை வந்தது. வலது கால் பெருவிரல் சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. பக்கத்து கிளினிக்கில் டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது. நோய் போய்விட்டது என்றே நம்பினேன்.

அப்படியே 4 வருடம். வருடத்துக்கு இரண்டு முறை வந்தது, கடைசியில் மாதா மாதம் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே மாத்திரை. யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். யூரிக் அமிலம் லிட்டருக்கு 580 மைக்ரோமோல். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. வலி மாத்திரைகளை அதிகம் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அங்கிருந்த தமிழ் டாக்டர் சொன்னார்: "அண்ணே, வலி போனா யூரிக் ஆசிட் போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த மாத்திரை அதைத் தொடவே தொடாது."

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து 300 வரை ஏற்றினார். கூடவே, இடையில் வலி வராமல் தடுக்க, 6 மாதம் தினமும் கோல்சிசின் 0.5 மில்லிகிராம்.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விடப் பார்த்தேன். மூன்றாம் மாதத்தில் இரண்டு முறை வலி வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். உண்மையில் ரத்தத்தில் அளவு இறங்கும்போது மூட்டில் வருடக்கணக்காகப் படிந்த யூரேட் படிகங்கள் கரைந்து உதிர்கின்றன. அதில்தான் மறுபடி வீங்குகிறது. நிறுத்தாமல் சாப்பிட்டேன். யூரிக் அமிலம் 360-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. இப்போது 335. ஒன்றரை வருடமாக ஒரு முறைகூட வரவில்லை. இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை நடந்தே ஏறினேன்.

சாப்பாட்டில் பீர், கெராங் (சிப்பி), ஆட்டு ஈரலை விட்டேன். பருப்பு, கீரை வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். டாக்டர் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இறங்கியது கொஞ்சம்தான்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அல்லோபியூரினால் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அந்த மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒவ்வாமைக்கு வாய்ப்பைக் கூட்டும் மரபணு சீன வம்சாவளியினரிடம் அதிகம். என்னோடு வேலை செய்யும் சீன நண்பருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.